கன்சென்ட்: சம்மதமா, ஒப்புதலா, இசைவா?

பேராசிரியர் ஒருவருக்கும் அவரிடம் படிக்கும் மாணவிக்கும் இடையிலான காதல் வெளியே தெரியவரும்போதெல்லாம் முதலில் வந்து விழும் சொல் ‘கன்சென்ட்’. “ரெண்டு பேரும் மேஜர். கன்சென்ட் இருந்திருக்கு. அப்புறம் என்ன?” என்பார்கள். அந்த ‘அப்புறம் என்ன’வுக்கான பதில் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. தமிழில் அதை எப்படிப் பெயர்க்கிறோம் என்பதைப் பொறுத்து அது கண்ணில் படும், அல்லது மறைந்துவிடும்.

மூலம் லத்தீன். ‘கான்’ என்றால் கூட. ‘சென்டிரே’ என்றால் உணர்தல். இரண்டும் சேர்ந்து ‘கான்சென்டிரே’, உடன் உணர்தல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. நாம் அன்றாடம் புழங்கும் ‘சம்மதம்’ கிட்டத்தட்ட அதே அச்சில் வார்த்த வடசொல்: ‘சம்’ கூட, ‘மதம்’ எண்ணம். லத்தீனில் சேர்ந்து உணர்ந்தது வடமொழியில் சேர்ந்து எண்ணியது, அவ்வளவுதான் வேறுபாடு.

சொல் சட்டத்துக்குள் நுழைந்ததும் சிக்கல் தொடங்கியது. 1298இல் போப் எட்டாம் போனிஃபேஸ் வெளியிட்ட சட்டத் தொகுப்பின் முடிவில் ஒரு விதிப் பட்டியல் உண்டு. 43ஆம் விதி, பேசாதிருப்பவர் சம்மதிப்பதாகவே தோன்றும் என்கிறது. நம் ‘மௌனம் சம்மதம்’ அப்படியே. அடுத்த விதியோ, பேசாதிருப்பவர் ஒத்துக்கொள்வதும் இல்லை, மறுப்பதாகவும் கொள்ள முடியாது என்கிறது. உலகம் 43ஐ மட்டும் நெட்டுருப் போட்டுக்கொண்டு 44ஐ வசதியாக மறந்துவிட்டது.

ஆசிரியர்–மாணவி உறவில் இந்தச் சொல் பட்ட பாட்டுக்கு 12ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் ஒரு சான்று இருக்கிறது. தத்துவ ஆசிரியர் பீட்டர் அபெலார், ஹெலொயீஸ் என்ற இளம்பெண்ணுக்குப் பாடம் சொல்ல அவளுடைய மாமன் வீட்டிலேயே தங்கினார். பாடத்தில் தவறினால் அடிக்கும் உரிமையையும் மாமன் அவருக்குக் கொடுத்திருந்தார். பசித்த ஓநாயிடம் ஆட்டுக்குட்டியை ஒப்படைத்தது போல என்று அபெலாரே பிற்காலத்தில் எழுதினார். ஐரோப்பா அதை மகத்தான காதல் கதையாகக் கொண்டாடியது. ஆனால் ஹெலொயீஸுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், விருப்பமின்றி மறுத்தவளைப் பலமுறை மிரட்டியும் அடித்தும் ‘கான்சென்சு’க்கு, அதாவது சம்மதத்துக்கு, இழுத்ததாக அவர் ஒத்துக்கொள்கிறார். உடன் உணர்தல் என்று பிறந்த சொல், இழுத்துக்கொண்டுபோய்ச் சேர்க்கும் இடமாகிவிட்டது. ஹெலொயீஸ் அவரை ஆழமாக நேசித்தாள் என்பதும் உண்மைதான், அவளுடைய கடிதங்களே சாட்சி. நேசமும் பிரம்பும் ஒரே உறவில் இருந்தன. ‘காதல் இருந்ததா இல்லையா’ என்ற கேள்வியால் இந்தச் சொல்லை அளக்க முடியாது என்பது அங்கேயே தெரிகிறது.

1986இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை இன்னும் கூர்மையாகப் பிரித்தது. வங்கிப் பெண் ஊழியர் ஒருவர் தன் மேலாளர் மீது தொடுத்த பாலியல் தொல்லை வழக்கு அது. அவர் தானாக உடன்பட்டாரா என்பதல்ல, அந்த நெருக்கம் அவருக்கு வேண்டாததாக இருந்ததா என்பதே கேள்வி என்றது நீதிமன்றம். கல்லூரி வழக்கு இல்லைதான். ஆனால் மதிப்பெண், பரிந்துரைக் கடிதம், ஆய்வேட்டில் ஒரு கையெழுத்து என்று எல்லாம் ஒருவர் கையில் இருக்கும் இடத்தில் ‘சரி’ என்ற சொல்லின் எடை என்ன? ‘முடியாது’ என்று சொன்னால் என்ன ஆகும் என்பது தெரியாமல் அதை நிறுக்கவே முடியாது.

இனி தமிழுக்கு வருவோம். நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை.

‘ஒப்புதல்’ முதலில் கைக்கு வருவது. வேரைப் பார்த்தால் அருமையான சொல்: ஒப்பு என்றால் சமம், நிகர். நிகரானவர்தான் ஒப்ப முடியும் என்று வேரே சொல்கிறது. ஆனால் அலுவலகப் புழக்கம் அதைக் கெடுத்துவிட்டது. இன்று ஒப்புதல் என்பது மேலிருப்பவர் கீழிருப்பவருக்கு அளிப்பது. மாணவி தன் ஆய்வுத் தலைப்புக்கு நெறியாளரிடம் ஒப்புதல் கேட்டு நிற்கிறாள். அதே நெறியாளர் அவளிடம் காதலுக்கு ஒப்புதல் கேட்கிறார் என்று எழுதினால், இரண்டும் ஒரே தட்டில் இருப்பதுபோல ஆகிவிடும்.

‘உடன்பாடு’ பழைய சொல். மனம் உடன்படாதவரோடு வாழ்வது குடிசைக்குள் பாம்போடு குடியிருப்பது போல என்று குறள் (890) சொல்லும் இடத்தில் ‘உடம்பாடு’ என்று வருகிறது. இப்போதைய உடன்பாட்டிலோ ஒப்பந்த வாடை. நாடுகளுக்குப் பொருந்தும்.

‘இணக்கம்’ நல்ல சொல், ஆனால் அதன் வினை காட்டிக்கொடுத்துவிடுகிறது. ‘இணங்க வைத்தார்’ என்று எவ்வளவு எளிதாக வாயில் வருகிறது! அபெலார் செய்தது இணங்க வைத்ததுதான்.

என் தேர்வு ‘இசைவு’. இரண்டு நரம்புகள் தாமாகச் சுருதி சேர்வது. சுருதி கலையவும் கலையலாம். நேற்றைய இசைவு இன்றைக்குச் செல்லாது என்ற பொருளும் கூடவே வந்துவிடுகிறது.

நிகர் என்ற எண்ணம் தமிழுக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் அன்பின் ஐந்திணைக்கு ‘ஒத்த’ தலைவனும் தலைவியும் வேண்டும் என்கிறது. ஒப்புக்குப் பத்துப் பொருத்தம் சொல்லும்போது வயதையும் சேர்க்கிறது. (பிறப்பும் குடிமையும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. அவற்றை நான் எடுத்துக்கொள்ளவில்லை.) காமத்துக்குரிய வயது வராத பெண்ணிடம், மறுமொழி பெறாமலே தான் சொல்லி இன்புறுவதைக் கைக்கிளை என்று தனியே ஒதுக்குகிறது. ‘சொல்லெதிர் பெறாஅன்’ என்ற அந்தத் தொடர், மௌனத்தைச் சம்மதமாக எண்ணவில்லை பாருங்கள்.

ஆங்கிலத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. இத்தகைய உறவுகளைக் கட்டுப்படுத்தும் விதிகளுக்குப் பல பல்கலைக்கழகங்கள் ‘கன்சென்சுவல் ரிலேஷன்ஷிப்’ கொள்கை என்றே பெயர் வைத்தன. கன்சென்ட் உண்டு என்று தலைப்பிலேயே தீர்ப்பு எழுதிவிட்டு, கீழே தடை! இதை அப்படியே ‘இசைவுள்ள உறவு’ என்று பெயர்த்தால் அந்தப் பிழையையும் இறக்குமதி செய்வோம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2003இல் கொண்டுவந்த விதி, ஹார்வர்டின் கலை அறிவியல் பிரிவு 2015இல் இளநிலை மாணவர்கள் விஷயத்தில் விதித்த தடை, ஆக்ஸ்ஃபோர்டு 2023இல் ஆசிரியர் தன் பொறுப்பிலுள்ள மாணவரோடு உறவு கொள்ளக் கூடாது என்றது எல்லாம், இசைவு இருந்ததா என்று விசாரிப்பதற்கு முன்பே பொறுப்பைப் பார்க்கின்றன. மதிப்பெண் போடுபவர் யார் என்பதற்கு ஆவணம் உண்டு; மனம் இசைந்ததா என்பதற்கு ஏது? ஆகவே விதியின் பெயருக்கு ‘ஆசிரியர்–மாணவர் காதலுறவு விதி’ என்று நேராகச் சொன்னால் போதும். இசைவு என்ற சொல்லை, இரண்டு பேரும் இல்லையென்று சொல்லும் சுதந்திரத்தோடு நிற்கும் இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.