பிள்ளைட கால் குளிருதா எண்டு தொட்டுப் பாத்தீங்களா?

ஒரு மாரி காலம். ரெண்டு வயசு ஆம்பிளைப் பிள்ளை ஒண்டு, மூணு நாள் காய்ச்சல், உம்மாட தோள்ல சாஞ்சு கிடக்குது, அழவும் இல்லை. (பிள்ளை ஆரெண்டு தெரியக்கூடாது எண்டு சில விபரம் மாத்தித்தான் எழுதுறன்.) வழியில பனடோல் குடுத்திருக்காங்க, அதால காய்ச்சல் 37.4 தான், பிபி 92க்கு 54. நான் பிபியைப் பாத்திட்டு நிம்மதியா அடுத்த கட்டிலுக்குத் திரும்பிட்டன். பின்னால நிண்ட மூத்தம்மா தான் கூப்பிட்டவ, "டொக்டர், இவன்ட கால் ஐஸ் மாதிரிக் கிடக்கு, ஒருக்காப் புடிச்சுப் பாருங்களன்" எண்டு. புடிச்சுப் பாத்தா முழங்கால் வரைக்கும் குளிர். நெஞ்செலும்புக்கு மேல விரலால 5 செக்கன் அமத்திட்டு எடுத்தன், வெளுத்த இடத்துக்கு நிறம் திரும்பி வர 5 செக்கன் எடுத்திச்சு, ரெண்டு செக்கனுக்குள்ள வரவேணும். இதயத் துடிப்பு 178. அந்த வயசில முழிச்சிருக்கிற பிள்ளைக்கு 140 வரைக்கும் தான் சாதாரணம், காய்ச்சல் ஒரு டிகிரி கூடினா ஒரு 10 கூடும், ஆனா இவனுக்கு அந்த நேரம் காய்ச்சலே இல்லை.

அது செப்சிஸ், அதாவது கிருமித் தொற்றுக்கு உடம்பு காட்டுற எதிர்ப்பு மாறிப் போய் உறுப்புகளையே பழுதாக்கிறது. அதுவும் ஷொக்குக்குள்ள, உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலைக்குள்ள, போயிட்ட செப்சிஸ். பிபி மட்டும் நல்லா இருந்திச்சு. அண்டைல இருந்து நான் கட்டிலுக்குப் பக்கத்தில போனா முதல்ல காலைத் தான் தொடுறது.

ஏன் இப்பிடி எண்டா, பெரிய ஆக்களுக்குப் பிபி கொஞ்சம் முந்தியே இறங்கிக் காட்டிக் குடுக்கும், பிள்ளைகள் அப்பிடி இல்லை. பிள்ளைட உடம்பு தோல், கை, கால், குடல் எல்லாத்துக்கும் போற ரத்தக் குழாயைச் சுருக்கி, இதயத்தை வேகமா அடிக்க வச்சு, பிபியைக் கடைசி வரைக்கும் இழுத்துப் புடிச்சிருக்கும். ஒரு வயசுல இருந்து பத்து வயசு வரைக்கும் மேல் பிபி 70 கூட்டல் வயசின்ட ரெண்டு மடங்குக்குக் கீழ போனா குறைவு எண்டு கணக்கு, அந்தப் பிள்ளைக்கு அது 74. அது வரைக்கும் காத்திருந்தா நாங்க பிந்திட்டம் எண்டு தான் அர்த்தம்.

ஆரை முதல்ல கவனிக்கவேணும் எண்டு தரம் பிரிக்கிறதில எனக்கு வார்டில முதல் கேள்வி, காய்ச்சல் இறங்கின பிறகு பிள்ளை எப்பிடி இருக்கு? பனடோல் வேலை செஞ்சு அரை மணி, ஒரு மணித்தியாலத்தில எழும்பித் தண்ணி கேக்குது, ஃபோனைப் பறிக்குது எண்டா பயம் குறைவு. காய்ச்சல் இறங்கியும் துடிப்பு இறங்கல்ல, மூச்சு வேகம் குறையல்ல, கண்ணைத் திறக்குது ஆனா உம்மாவைத் தேடல்ல எண்டா நான் அந்தக் கட்டிலை விட்டுப் போக மாட்டன். கால்ல இருந்து மேல தடவிக்கொண்டு போய் சூடு தொடங்கிற இடத்தில பேனையால கோடு போடுவன், அரை மணித்தியாலத்தில திரும்பப் பாக்கிறது, கோடு மேல போகுதா கீழ வருதா எண்டு. அனுங்கல் சத்தத்தோட மூச்சு விடுறது, குழப்பமாக் கதைக்கிறது, மூத்திரம் நிண்டது, தோல்ல வலை மாதிரித் திட்டு, இதெல்லாம் அடுத்த படி. எங்கட பிள்ளைகள்ட தோல் நிறத்துக்கு வெளிறல் லேசில தெரியாது, உள்ளங்கால், உதடு, நாக்கைப் பாக்கவேணும். சில பிள்ளைகளுக்கு மாறி, கை கால் சூடா, நாடி துள்ளித் துள்ளி அடிக்கும், நிறம் அமத்தி எடுத்த உடனேயே திரும்பும், அதுவும் ஷொக் தான்.

2024 ஜனவரியில ஃபீனிக்ஸ் எண்ட புதிய அளவுகோல் வந்திச்சு. 2005ல இருந்து பாவிச்ச, காய்ச்சலும் வெள்ளை அணுவும் வச்சுச் சொல்ற முறையை விட்டிட்டு மூச்சு, ரத்த ஓட்டம், ரத்தம் உறையுறது, மூளை எண்டு நாலுக்கும் புள்ளி போடுறாங்க. தொற்றுச் சந்தேகத்தோட 2 புள்ளி எண்டா செப்சிஸ், அதில ஒரு புள்ளியாவது ரத்த ஓட்டத்தில எண்டா செப்டிக் ஷொக். "கடுமையான செப்சிஸ்" எண்ட பழைய நடுப்படி இப்ப இல்லை. ஆனா அது செப்சிஸ் எண்டு உறுதிப்படுத்துற கணக்கு, ஆரம்பத்தில கண்டுபிடிக்கிறதுக்கு இல்லை. லக்டேட் (ரத்த ஓட்டம் குறைஞ்சா ரத்தத்தில கூடுற ஒரு அமிலம்) ரிப்போர்ட் வரட்டும் எண்டு மருந்தை வச்சிருக்காதீங்க, ஷொக் எண்டு பட்டா ஒரு மணித்தியாலத்துக்குள்ள அன்டிபயோட்டிக் போகவேணும், விரல்ல குத்தி ரத்தத்தில குளுக்கோஸ் எவ்வளவு எண்டும் பாருங்க.

சேலைனும் அளவோட தான். கிலோவுக்கு 10 இல்லாட்டி 20 மில்லி போட்டிட்டு ஈரல் பெருத்திருக்கா, நுரையீரல்ல சத்தம் வந்திருக்கா எண்டு ஒவ்வொரு முறையும் பாத்துத் தான் அடுத்தது. 2011ல வெளியான உகண்டா, கென்யா, தான்சானியா ஆய்வில, ஐசியு வசதி இல்லாத இடத்தில வேகமா சேலைன் ஏத்தின பிள்ளைகள் தான் கூட இறந்தாங்க. சின்ன ஆஸ்பத்திரிகள்ல வேலை செய்ற டொக்டர் தம்பி தங்கச்சிமாருக்கு இதை அழுத்தியே சொல்றன்.

திருகோணமலையில இன்னொரு சிக்கல் இருக்கு. 2017 டெங்குக்குப் பிறகு, கிண்ணியா பட்ட பாடு எல்லாருக்கும் ஞாபகம், காய்ச்சல் எண்டாலே சனம் டெங்கு டெஸ்ட் எடுக்கும், அது நல்லது தான். ஆனா "டெங்கு இல்லையாம்" எண்டு ரிப்போர்ட் வந்தவுடன பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்ட போறாங்க. டெங்கு இல்லை எண்டா டெங்கு இல்லை எண்டு மட்டும் தான், வேற ஆபத்து இல்லை எண்டு இல்லை. டெங்கு முத்தினாலும் காய்ச்சல் விடுற நேரம் தான் கால் குளிரத் தொடங்கும், அதால ரெண்டுக்கும் காலைத் தொடுங்க.

மூணு மாசத்துக்குக் குறைஞ்ச குழந்தைக்கு 38 வந்தாலே ஆஸ்பத்திரி, உடம்பு குளிர்ந்து பால் இழுக்காம கிடந்தாலும் அதே தான், காய்ச்சல் வரவேணும் எண்டு இல்லை. சிவப்போ ஊதாவோ புள்ளி இருந்தா கண்ணாடிக் கிளாஸை மேல வச்சு அமத்துங்க, மறையல்ல எண்டா அந்த நிமிசமே வெளிக்கிடுங்க.

ஈச்சிலம்பற்று, புல்மோட்டைப் பக்கம் இருக்கிற ஆக்கள் ஓட்டோ தேடிச் சுணங்காம 1990க்கு அடிங்க, அம்புலன்ஸ் காசில்லை. வந்த உடனே கடைசியா எத்தனை மணிக்கு மூத்திரம் போனது, பனடோல் எத்தனை மணிக்கு எவ்வளவு குடுத்தது, எப்பிடி இருந்த பிள்ளை இப்ப எப்பிடி இருக்கு எண்டு சொல்லுங்க, நாங்க கேக்கல்ல எண்டாலும் சொல்லுங்க. கிளினிக் கார்ட்டையும் எடுத்துக்கொண்டு வாங்க.