ஸ்டீராய்டு ஊசி: நிறுத்திய பிறகு வரும் நாட்கள்

பேஸ்பால் ஆட்டத்தின் விதிகள் எனக்கு இன்றுவரை முழுதாகப் பிடிபட்டதில்லை. ஆனால் அந்த ஆட்டத்தில் புழங்கிய ஸ்டீராய்டைப் பற்றி 2005 மார்ச் 17 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக் குழு நடத்திய விசாரணை என் தொழிலோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. நான் ஹார்மோன் மருத்துவர். ஜிம்முக்குப் போய், தசை ஏற்றுவதற்காக ஸ்டீராய்டு ‘கோர்ஸ்’ போட்டுவிட்டு வரும் பையன்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். அன்றைய விசாரணை பதினோரு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. உலகம் நினைவில் வைத்திருப்பது அதில் சில நிமிடங்களைத்தான்.

அந்த நிமிடங்களை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். நட்சத்திர ஆட்டக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து சத்தியப் பிரமாணம் எடுத்தார்கள். மார்க் மக்வயரிடம் எதைக் கேட்டாலும் “கடந்த காலத்தைப் பேச நான் இங்கே வரவில்லை” என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தது. ரஃபேல் பால்மெய்ரோ குழுவை நோக்கி விரலை நீட்டி, தான் ஸ்டீராய்டைத் தொட்டதே இல்லை என்று அடித்துச் சொன்னார். சாமி சோசாவின் அறிக்கையை அவருடைய வழக்கறிஞர் வாசித்தார். ஹோசே கன்சேகோ மட்டும், தான் போட்டதையும் சக ஆட்டக்காரர்களுக்குப் போட்டதையும் சொல்லி ஏற்கெனவே புத்தகமே எழுதியிருந்தார். தொலைக்காட்சிக்கு இவ்வளவு போதும்.

விவகாரத்தின் வேர் 1998-இல் இருக்கிறது. ஒரு பருவத்தில் 61 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) என்று 1961-இல் ரோஜர் மாரிஸ் வைத்த சாதனையை அந்த ஆண்டு இருவர் தாண்டினார்கள்: மக்வயர் 70, சோசா 66. அந்த ஆகஸ்டில் மக்வயரின் லாக்கரில் ஆண்ட்ரோஸ்டீன்டையோன் புட்டி ஒன்று இருந்ததை ஒரு நிருபர் கவனித்து எழுதினார். மக்வயருக்கு ஒன்றும் ஆகவில்லை. திட்டு வாங்கியது நிருபர். அந்தப் பொருள் உடலுக்குள் போனால் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனாக மாறக்கூடியது. ஆனாலும் 1994-இல் வந்த ஊட்டச்சத்துப் பொருள் சட்டத்தின் நிழலில், அமெரிக்கக் கடைகளில் அது வைட்டமின் மாத்திரைகளுக்குப் பக்கத்தில் விற்பனைக்கு இருந்தது. அதைக் கட்டுப்படுத்தப்பட்ட ஸ்டீராய்டுகளின் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2004-இல்தான் வந்தது. “கடையிலயே கிடைக்குதே டாக்டர், அப்புறம் எப்படிக் கெடுதலாகும்?” என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இந்தப் புட்டியின் கதையைத்தான் சொல்வேன்.

ஆட்டக்காரர்களின் சங்கமும் பேஸ்பால் நிர்வாகமும் கூட்டாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தன என்பது விசாரணையில் அம்பலமானது. 2003-இல் பெயர் சொல்லாமல் நடத்திய சோதனையில் 5 சதவீதத்துக்கு மேல் மாட்டிய பிறகே தண்டனையோடு கூடிய சோதனை வந்தது. அதிலும் 2004-இல் முதல்முறை சிக்கினால் சிகிச்சை மட்டும், 2005-இல் 10 நாள் இடைநீக்கம். குழுத் தலைவர் டாம் டேவிஸும் எதிர்க்கட்சியின் மூத்த உறுப்பினர் ஹென்றி வாக்ஸ்மனும் ஒப்பந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படித்தபோது, “10 நாள் இடைநீக்கம் அல்லது 10,000 டாலர் வரை அபராதம்” என்று எழுதியிருந்தது தெரிந்தது. வெளியே யாருக்கும் சொல்லாத ‘அல்லது’ அது. ஆண்டுக்குப் பல லட்சம் டாலர் வாங்குகிறவருக்கு அந்த அபராதம் எம்மாத்திரம்!

என் மனதில் தைத்தது இதெல்லாம் இல்லை. நட்சத்திரங்கள் வருவதற்கு முன்பே, மருத்துவர்களோடு சேர்ந்து மூன்று பெற்றோர் சாட்சி சொன்னார்கள். டெக்சஸ் மாநிலம் பிளேனோவிலிருந்து வந்த டொனால்ட் ஹூட்டன் தன் மகன் டெய்லரைப் பற்றிப் பேசினார். பள்ளி அணியில் பந்து எறிந்தவன், 17 வயது. உடம்பை ஏற்றினால்தான் அணியில் முன்னுக்கு வரலாம் என்று கோச் சொன்னதில் ஆரம்பித்தது. 2003 ஜூலையில் அவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். கலிஃபோர்னியாவின் கரிபால்டி தம்பதியின் மகன் ராப் கல்லூரி அணியில் பேர் வாங்கியவர். 2002-இல், 24 வயதில், அவரும் அப்படியே போனார். பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் போடுகிறார்கள், நானும் ஆட்டக்காரன்தானே என்பது அவருடைய வாதமாக இருந்தது என்று பெற்றோர் சொன்னார்கள். ஊசி போட்டுக்கொண்ட நட்சத்திரங்களை ஹூட்டன் கோழைகள் என்றே அழைத்தார். உண்மையைச் சொல்லி விளைவை ஏற்கும் ஆண்மை உண்டா என்றும் கேட்டார்.

டெய்லரின் கதையில் மருத்துவர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம், அவன் ஸ்டீராய்டை நிறுத்தியதற்கும் மனச்சோர்வில் விழுந்ததற்கும் இடையிலான நெருக்கம்தான். விழிப்புணர்வு சுவரொட்டிகளில் இந்த இடம் வருவதே இல்லை. ‘போடாதே’ என்று எழுதுகிறோம். போட்டவன் நிறுத்தும்போது என்ன ஆகும் என்று எங்கும் எழுதுவதில்லை.

என்ன ஆகும்? ஆணின் விரைகள் தாமாக டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதில்லை. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்பினால்தான் விரைகள் வேலை செய்யும், விந்தணுவும் உருவாகும். வெளியிலிருந்து ஊசியில் ஹார்மோன் வந்து குவிந்தால் பிட்யூட்டரி அடங்கிவிடும். லாரித் தண்ணீர் வந்து மேல்தொட்டி நிரம்பிக் கிடக்கும்போது வீட்டு மோட்டாரை யார் போடப்போகிறார்கள்? மாதக்கணக்கில் போடாத மோட்டார் இறுகிவிடும். ஒருநாள் லாரி நின்றதும் சுவிட்சைத் தட்டினால் உடனே ஓடாது. அந்த இடைவெளியில் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் அடிமட்டத்துக்குப் போகும். சிலருக்குச் சில வாரங்களில் சரியாகும், பலருக்கு மாதங்கள் ஆகும், நீண்ட நாள் போட்டவர்களுக்கு ஓராண்டைத் தாண்டுவதும் உண்டு. தூக்கம் கெடும், ஆசை போகும், எழுந்து பல் தேய்க்கவே மனம் வராது. கண்ணாடியில் தோளும் மார்பும் இறங்குவது தெரியும். உடம்புதான் மரியாதை என்று நம்பியிருந்த இருபது வயதுப் பையனுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கோவையில் என்னிடம் வருகிறவர்களில் கல்யாணமாகிக் குழந்தை இல்லை என்று வருகிறவர்கள் ஒரு வகை. மனைவிக்கு எல்லா ஸ்கேனும் எடுத்து முடித்த பிறகு, கடைசியாகக் கணவரின் விந்துப் பரிசோதனை. அறிக்கையில் அணுக்கள் பூஜ்யம். பல வருஷத்துக்கு முன் போட்டதுதானே என்று நினைத்துக்கொண்டிருப்பார், ஆனால் போட்டியின்போதெல்லாம் ‘சின்னதா ஒரு கோர்ஸ்’ தொடர்ந்திருக்கும். மார்பு பெண்களைப்போல் திரண்டுவிட்டது என்று பனியனைக் கழற்றக் கூசுகிறவர்கள் இன்னொரு வகை. அதிகப்படி டெஸ்டோஸ்டிரோன், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாறுவதால் வருவது அது. இவர்களாவது தாமாக வந்து சொல்லிவிடுகிறார்கள்.

எனக்குப் பயம் தருவது மூன்றாவது வகை. அவர்களை அம்மாதான் கூட்டி வருவார். “ரூமை விட்டு வெளியவே வர்றதில்லைங்க டாக்டர். தினமும் ஜிம்முக்குப் போயிட்டு இருந்த பையன்.” கையில் ஒரு கட்டு அறிக்கை இருக்கும்: தைராய்டு, வைட்டமின் டி, பி12, சர்க்கரை. எல்லாம் சரியாக இருக்கும். காதல் தோல்வி என்று வீட்டில் முடிவு கட்டியிருப்பார்கள். ஊசியைப் பற்றி யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். வழக்கமான போதைப்பொருள் சோதனையிலும் தசை ஏற்றும் இந்த ‘அனபாலிக்’ ஸ்டீராய்டு தெரியாது, தனியாகக் கேட்டுச் செய்ய வேண்டும். அம்மாவைச் சிறிது நேரம் வெளியே உட்காரச் சொல்வேன். “போட்டீங்களா?” என்று கேட்டால் பையன் இல்லையென்றுதான் சொல்வான். “எப்ப நிறுத்துனீங்க தம்பி?” என்று கேட்டால் பெரும்பாலும் தலை குனிந்து மாதத்தைச் சொல்லிவிடுவான்.

நாடாளுமன்றக் குழுவோடு எனக்குக் கருத்து வேறுபாடு ஒன்று உண்டு. பள்ளிப் பிள்ளைகள் நட்சத்திரங்களைப் பார்த்துக் கெடுகிறார்கள் என்பதே அன்றைய வாதத்தின் அச்சு. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஸ்டீராய்டைத் தொட்டிருக்கிறார்கள் என்று டேவிஸ் தொடக்க உரையில் சொன்னார். அங்கே அது பொருந்தியிருக்கலாம். என்னிடம் வருகிறவர்களுக்கு மக்வயர் யாரென்றே தெரியாது. முதல் ஊசியைக் கொடுத்தவர் ஜிம் ட்ரெய்னராகவோ, பக்கத்தில் வெயிட் தூக்கிய அண்ணனாகவோ இருக்கிறார். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து, புரோட்டீன் டப்பாவோடு சேர்ந்து கைமாறுகிறது.

பால்மெய்ரோவுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அந்த ஆண்டு ஜூலையில் 3,000-ஆவது ஹிட் அடித்தார். ஆகஸ்ட் 1 அன்று ஸ்டானசோலால் என்ற ஸ்டீராய்டுக்கான சோதனையில் சிக்கி 10 நாள் வெளியே உட்கார்ந்தார். அணித்தோழர் மிகேல் தெஹாடா கொடுத்த பி12 ஊசியில் கலந்திருக்கலாம் என்றார். பொய்ச்சாட்சி வழக்குத் தொடரும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்று குழு விட்டுவிட்டது. 2008-இல் இதே குழுவின் முன் வந்த இன்னொரு நட்சத்திரம் ரோஜர் கிளெமன்ஸும், தனக்குப் பயிற்சியாளர் போட்டது பி12-உம், மரத்துப்போகச் செய்யும் லிடோகெயினும்தான் என்றார். பொய் சொன்னதாக அவர்மீது வழக்கு நடந்தது, 2012-இல் விடுதலையானார். தீர்ப்பு நீதிமன்றத்தின் வேலை. ஆனால் ‘சத்து ஊசிதாங்க போட்டாங்க’ என்ற வாக்கியத்தை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். பி12 மருந்து சிவப்பாக இருக்கும். டெஸ்டோஸ்டிரோன் ஊசி பெரும்பாலும் எண்ணெய் மாதிரி இளமஞ்சளாக இருக்கும். என்ன நிறம் என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

விசாரணையால் பலன் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2005 நவம்பரில் தண்டனை முதல்முறை 50 ஆட்டம், இரண்டாம்முறை 100, மூன்றாம்முறை ஆயுள்தடை என்றானது. 2007 டிசம்பரில், பேஸ்பால் நிர்வாகத்துக்காக விசாரித்த முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செலின் 409 பக்க அறிக்கை 89 ஆட்டக்காரர்களின் பெயரைச் சொன்னது. தான் ஸ்டீராய்டு போட்டதை மக்வயர் 2010-இல் ஒப்புக்கொண்டார்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஆஸ்துமா இன்ஹேலரையோ பிரெட்னிசோலோன் மாத்திரையையோ தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அவையும் ஸ்டீராய்டுதான், ஆனால் முற்றிலும் வேறு குடும்பம்.

தசைக்காக ஊசியோ மாத்திரையோ போட்டுக்கொண்டிருப்பவர்கள், நிறுத்துகிற முடிவோடு முதலில் ஒரு மருத்துவரிடம் வாருங்கள். தொடர்ந்து போடுங்கள் என்று சொல்வதற்காகக் கூப்பிடவில்லை. போடப் போட இதயத் தசை தடிக்கும், நல்ல கொழுப்பு சரியும், ரத்தம் கெட்டியாகும், மாத்திரை வகைகள் ஈரலைக் கெடுக்கும், வளரும் வயதில் எலும்பின் நுனி முன்கூட்டியே மூடி உயரம் நின்றுவிடும். நிறுத்தத்தான் வேண்டும், துணையோடு நிறுத்த வேண்டும். காலையில் எடுத்த ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன், எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச்., ஹீமோகுளோபின், கொழுப்பு, ஈரல் பார்ப்போம். முந்தைய நாள் கடுமையாக வெயிட் தூக்கியிருந்தால் சொல்லிவிடுங்கள், தசை நொந்தாலும் ஈரல் என்சைம்கள் ஏறித் தெரியும். நிறுத்தியதும் போடச் சொல்லி ஜிம்மில் கொடுக்கும் மாத்திரைகளை நீங்களாகத் தொடங்க வேண்டாம். போட்டிகளில் கலந்துகொள்பவர் என்றால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள், மீண்டுவர நாங்கள் எழுதும் குளோமிஃபீன், ஹெச்.சி.ஜி. போன்றவையும் ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் இருக்கின்றன.

நிறுத்திய பையன் வீட்டில் இருந்தால், முதல் சில மாதங்கள் அவனைத் தனியே விடாதீர்கள். வாழ்ந்து என்ன பயன் என்கிற மாதிரி ஒரு சொல் வந்தாலும் அன்றே மனநல மருத்துவரைப் பாருங்கள். இரவாக இருந்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்குக் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. வரும்போது மிச்சமிருக்கும் புட்டியைக் கொண்டு வாருங்கள், இல்லையென்றால் அதன் படத்தையாவது. லேபிளில் உள்ளதுதான் உள்ளே இருக்கிறது என்று நம்ப முடியாது, ஆனாலும் எங்கிருந்து தேட ஆரம்பிப்பது என்று எனக்கு அது சொல்லும்.