டாக்கர்லாந்து 'மூழ்கிய கண்டம்' அல்ல

பிரிட்டனுக்கும் டென்மார்க்குக்கும் நடுவே வட கடலின் அடியில் கிடக்கும் டாக்கர்லாந்தைப் பற்றித் தமிழில் வரும் காணொளிகளில் 'மூழ்கிய கண்டம்' என்ற பெயரைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இரண்டு சொல்லுமே தப்பு.

பெயர்க்கதை சின்னது. டாக்கர் என்பது அந்தக் காலத்து டச்சு மீன்பிடிப் படகு. அதிலிருந்து வட கடலின் ஆழம் குறைந்த மணல்மேட்டுக்கு டாக்கர் திட்டு என்று பெயர். திட்டின் பெயரை வைத்து 1998இல் தொல்லியலாளர் பிரையோனி கோல்ஸ் சூட்டியது டாக்கர்லாந்து.

அது கண்டமே இல்லை, ஐரோப்பாவின் தாழ்வான ஓரம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. அப்போது பிரிட்டன் தீவாகவே இல்லை. 1931இல் ஒரு மீன்பிடிப் படகின் வலையில் கரிய மக்குக் கட்டி (மக்கிய செடிகொடிகள் இறுகியது) ஒன்று சிக்கியது. உடைத்தால் உள்ளே மான்கொம்பில் செதுக்கிய ஈட்டிமுனை. அந்த மக்கு நன்னீர்ச் சதுப்பில் உண்டானது. அதாவது, அந்த இடம் அப்போது தரை; அங்கே ஆட்கள் வேட்டையாடித் திரிந்திருக்கிறார்கள்.

'மூழ்கிய' என்பதுதான் பெரிய குழப்பம். கப்பல் மூழ்கியது என்றால் கப்பல் கீழே போனது. இங்கே பனிப்பாளங்கள் உருகிக் கடல் மேலே ஏறியது. அந்தப் பகுதித் தரையும் ஓரளவு இறங்கியது உண்மைதான், ஆனால் முதல் காரணம் கடல். ஊர் வெள்ளத்தில் மூழ்கியது என்கிறோமே என்று கேட்கலாம். சரி, அங்கே 'வெள்ளம்' கூடவே வந்து விளக்கிவிடுகிறது. 'மூழ்கிய கண்டம்' என்று மொட்டையாகச் சொன்னால், ஒரே இரவில் இடிந்து கடலுக்குள் போன நாடுதான் மனதில் வரும். நடந்ததோ ஆயிரக்கணக்கான ஆண்டுகள்.

'கடல்கொண்ட நிலம்' என்று எழுதுங்கள். 'கொடுங்கடல் கொள்ள' என்று சிலப்பதிகாரமே சொல்கிறது. கொண்டது யார் என்பதில் சந்தேகமே இல்லை. குமரிக்கண்ட வாதத்தோடு குழப்பிக்கொள்வார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். ஒரு வாதத்துக்குப் பயந்து நல்ல வினைச்சொல்லைக் கைவிட முடியாது.

எண்ணெய், எரிவாயு தேடியவர்கள் எடுத்த நிலஅதிர்வுத் தரவுகளிலிருந்து, வின்சென்ட் காஃப்னியின் பர்மிங்காம் பல்கலைக்கழகக் குழு கடலடியில் புதைந்த ஆறுகளையும் ஏரிகளையும் கரையையும் வரைந்தது. இதை 'புராதனக் கடற்கரைக்கோட்டு வரைவாக்கம்' என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்தார். பழங்கரை வரைபடம் என்றால் யாருக்குப் புரியாது? நடந்தது என்ன என்று பார்க்காமல் அகராதியை மட்டும் பார்ப்பதால் வரும் வினை இது.

இப்படித் தப்பாக நினைக்கவைக்கும் பெயர் இன்னொன்று, ஆசியாவையும் வட அமெரிக்காவையும் இணைத்திருந்த பெரிங்கியா என்ற நிலத்துக்குச் சொல்லும் 'பெரிங் நிலப்பாலம்'. பாலம் என்றதும் ஒடுக்கமான பாதை நினைவுக்கு வரும். பெரிங்கியாவோ வடக்குத் தெற்காக ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் அகன்று, மாமூத் யானைகள் மேய்ந்த சமவெளி. அதுவும் கடல்கொண்ட நிலமே.