இணைகோடு கணக்குல மார்க் எங்க போகுது?

பத்தாவதுக்கு டியூஷன் எடுக்க ஆரம்பிச்சு பதினோரு வருஷம் ஆச்சு. ஆயத்தொலை வடிவியல் வந்தாலே முதல்ல இந்த ஒரு கணக்கை போர்டுல போட்டுடுவேன்: 2எக்ஸ் − 3ஒய் + 6 = 0 கோட்டுக்கு இணையா, (4, −1) வழியா போற கோட்டோட சமன்பாடு என்ன?

பாதி பேர் சாய்வு, அதாவது கோடு எவ்வளவு சரிஞ்சிருக்குங்கிற அளவு, −2/3ன்னு எழுதுவாங்க. மைனஸ் ஏ பை பிங்கிற ஃபார்முலாவை (எக்ஸுக்கு முன்னாடி நிக்கிற எண் ஏ, ஒய்க்கு முன்னாடி நிக்கிறது பி) தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்லுவாங்க, ஆனா இங்க பியே −3, அதுலயே ஒரு மைனஸ் இருக்கு, ரெண்டும் அடிபட்டு 2/3 ஆகணும், எழுதுற அவசரத்துல அது கண்ணுல படாது. இன்னும் சிலர் 3ஒய் = 2எக்ஸ் + 6ன்னு அழகா மாத்திட்டு சாய்வு 2ன்னு முடிச்சிடுவாங்க. அந்த 3ஆல யாருப்பா வகுக்கிறது?

அதனால நான் சாய்வு பக்கமே விடுறதில்ல. இணைகோடுன்னா சாய்வு ஒண்ணுதான், அதை தீர்மானிக்கிறது எக்ஸ், ஒய்யோட கெழுக்கள், அதாவது அந்த ஏவும் பியும். கடைசில நிக்கிற 6க்கு அதுல வேலையே இல்ல, கோட்டை அப்படியே தள்ளி வைக்கும், அவ்ளோதான். அப்போ 2எக்ஸ் − 3ஒய் + கே = 0ன்னு எழுதி புள்ளியை போடு. 8 + 3 + கே = 0, கே = −11. விடை 2எக்ஸ் − 3ஒய் − 11 = 0.

இதுலயும் ஒரு பொண்ணு போன மாசம் கே = −5ன்னு கொண்டு வந்தா. தப்புன்னு சொல்லாம, "புள்ளியை உன் விடையில போட்டு பாரும்மா"ன்னேன். போட்டுட்டு "ஜீரோ வருது சார், கரெக்ட்"ங்கிறா! நோட்டை வாங்கி பார்த்தா 8 − 3 − 5. முதல் தடவை பண்ண அதே தப்பை செக் பண்ணும்போதும் பண்ணியிருக்கா, அப்புறம் ஜீரோ வராம என்ன பண்ணும்? −3(−1)ன்னு அடைப்புக்குறி போட்டு எழுத சொன்னேன், அவளே நிமிர்ந்து பார்த்து சிரிச்சிட்டா. அன்னைலேர்ந்து என் கிளாஸ்ல அடைப்புக்குறி இல்லாம யாரும் புள்ளியை போடக்கூடாது.

செங்குத்துன்னு கேட்டா கெழுக்களை இடம் மாத்தி, ஒண்ணோட குறியை மட்டும் மாத்தணும்: 3எக்ஸ் + 2ஒய் + கே = 0. கேள்வில "இணை"யா "செங்குத்தா"ன்னு பார்த்து அடிக்கோடு போட்டுட்டு ஆரம்பிங்க.

அப்புறம் ஒய் அச்சுக்கு இணைன்னு வந்தா சாய்வை தேடி 1/0ல மாட்டிக்காதீங்க, அதுக்கு சாய்வே வரையறுக்கப்படல. அதே (4, −1)க்கு விடை எக்ஸ் = 4. இதுக்கு வருஷா வருஷம் ஒருத்தனாவது கேப்பான், "சார், ஒய்ய காணோமே?"ன்னு.