தன்பாலீர்ப்பு: சொல்லும் சட்டமும்

ஹோமோசெக்சுவல் என்பதை ஏதோ மருத்துவர் வைத்த நோய்ப்பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு சட்டப்பிரிவை எதிர்த்து எழுந்த சொல்.

அன்றைய ஜெர்மன் அரசுகளில் பெரியதான பிரஷ்யாவில் 1851ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 143ஆவது பிரிவு, ஆணும் ஆணும் கூடுவதையும் மனிதர் விலங்கோடு கூடுவதையும் ஒரே வரியில் வைத்து 'இயற்கைக்கு மாறான ஒழுக்கக்கேடு' என்றது. ஆறு மாதம் முதல் நான்கு ஆண்டு வரை சிறை. பிரஷ்யாவின் தலைமையில் வட ஜெர்மன் அரசுகள் சேர்ந்து அமைத்த வட ஜெர்மன் கூட்டமைப்புக்குப் புதிய சட்டம் எழுதியபோது இதையும் அப்படியே கொண்டுபோகப் பார்த்தார்கள். வேண்டாம் என்று வாதாடி 1869இல் லைப்சிக் நகரில் ஒரு சிற்றேடு வந்தது. ஆசிரியர் பெயர் இல்லை. எழுதியவர் ஹங்கேரிய எழுத்தாளர் கார்ல் மரியா கெர்ட்பெனி. இளமையில் அவருடைய நண்பர் ஒருவர், ரகசியத்தை வெளியே சொல்லிவிடுவதாக மிரட்டிப் பணம் பறித்தவர்களால் உயிரை மாய்த்துக்கொண்டார். கெர்ட்பெனி அதை மறக்கவில்லை.

அதுவரை இருந்த பெயர்கள் வசைகள், இல்லையென்றால் பாவத்தின் பெயர்கள். பழி சுமக்காத ஒரு சொல் அவருக்கு வேண்டியிருந்தது. கிரேக்கத்தில் 'ஹோமோஸ்' என்றால் ஒத்த. லத்தீனில் 'செக்ஸுஸ்' என்றால் பால். இரண்டையும் ஒட்டினார். லத்தீனில் மனிதனைக் குறிக்கும் 'ஹோமோ' வேறு, அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சட்டம் இறங்கி வரவில்லை. 1871இல் அது 175ஆவது பிரிவாக ஜெர்மனி முழுமைக்கும் வந்தது. 1935இல் நாஜிகள் அதை இன்னும் கடுமையாக்கினார்கள். அவர்கள் ஆட்சியில் தண்டிக்கப்பட்டவர்கள் சுமார் 50,000 பேர்; வதைமுகாமுக்குப் போனவர்களின் சட்டையில் இளஞ்சிவப்பு முக்கோணம் தைக்கப்பட்டது. போர் முடிந்த பிறகும் மேற்கு ஜெர்மனி 1969 வரை அந்த நாஜி வடிவத்தையே வைத்திருந்தது என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது. பிரிவு முழுதாக நீங்கியது 1994இல். போருக்குப் பின் வந்த தீர்ப்புகளை ரத்து செய்ய 2017 ஆனது. இதற்கிடையே கெர்ட்பெனியின் சொல்லை மருத்துவர்கள் எடுத்து நோய்ப்பெயராக்கிக்கொண்டார்கள். உலக சுகாதார நிறுவனம் நோய்ப்பட்டியலிலிருந்து அதை நீக்கியது 1990இல்தான்.

சரி, தமிழுக்கு வருவோம். நம்மிடம் நெடுங்காலம் புழங்கியது 'ஓரினச்சேர்க்கை'. இதில் பிழை இரண்டு. 'இனம்' என்பது பால் அல்ல. ஆணும் பெண்ணும் ஒரே மனித இனம்தானே? 'சேர்க்கை' என்பதோ வெறும் உடற்செயல். 143ஆவது பிரிவுக்கும், ஆங்கிலேயர் 1860இல் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவுக்கும் தெரிந்தது செயல் மட்டும்தான், மனிதர் தெரியவில்லை. 377இலும் விலங்கு அதே வரியில்தான் இருந்தது. மனமொத்த வயதுவந்தோரின் உறவு குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், பழைய சட்டத்தின் பார்வையை இந்தச் சொல் சுமந்துகொண்டிருக்கிறது.

'தன்பாலீர்ப்பு' அப்படியல்ல. ஆண்பால், பெண்பால் என்று நம் இலக்கணம் சொல்லும் அதே 'பால்'. 'ஈர்ப்பு' மனத்தையும் சேர்த்தே சொல்கிறது. யாரையும் தொடாமலே வாழ்நாளைக் கழித்தவரும் தன்பாலீர்ப்பாளராக இருக்கலாம். அவரை 'ஓரினச்சேர்க்கையாளர்' என்பது எப்படிப் பொருந்தும்? ஒரு சிக்கல் உண்டு: 'தன்பால்' என்றால் 'தன்னிடம்' என்றும் பொருள் வரும். அதனால் 'ஒருபாலீர்ப்பு', 'தன்பாலின ஈர்ப்பு' என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். அவையும் சரியே. எனக்குத் தன்பாலீர்ப்பு பிடித்திருக்கிறது, சொல்லச் சுருக்கமாக இருப்பதால். சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றையொட்டி, இத்தகைய சொற்களுக்கான பட்டியலை 2022இல் தமிழ்நாடு அரசு அரசிதழிலேயே வெளியிட்டது.

அப்புறம் திருமணச் செய்திகள். தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி மணந்துகொள்ளலாம். பதிவேட்டில் கையெழுத்திட்டுச் சான்றிதழோடு நிற்கும் இருவரின் படத்துக்குக் கீழே 'ஓரினச்சேர்க்கைத் திருமணம்' என்று எழுதாதீர்கள். 'தன்பாலினத் திருமணம்' என்று எழுதுங்கள்.