ஐந்து நாளில் ஐம்பது முறை: மனச்சோர்வுக்குக் காந்தத் துடிப்பு

இராமேசுவரத்திலிருந்து மதுரைக்குச் சுமார் 170 கிலோமீட்டர். மாத்திரைக்கு மசியாத மனச்சோர்வுக்குத் தரப்படும் டி.எம்.எஸ். என்ற காந்தத் தூண்டல் சிகிச்சைக்கு வாரம் ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் போய்வர வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அதை விட்டால் விசைப்படகில் போகிறவருக்கு இவ்வளவு நாள் வாய்க்காது. ஐந்தே நாளில் முடியும் முறையை இந்தக் கரையில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதனால்தான்.

எட்டு வடிவக் காயிலை, அதாவது கம்பிச் சுருளை, நெற்றிக்குச் சற்று மேலே, இடப்பக்கம் வைப்பார்கள். கெப்பாசிட்டரில் தேக்கிய மின்சாரம் அதில் ஆயிரக்கணக்கான ஆம்பியராக ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரம் பாயும். சட்டென எழுந்து அடங்கும் காந்தப்புலம், மண்டையோட்டைத் தாண்டி இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்வரை நரம்பணுக்களில் மின்னோட்டத்தைக் கிளப்பும். 1831இல் ஃபாரடே கண்ட அதே தூண்டல்தான். புலம் மாறினால்தான் மின்னோட்டம். திருவிழாக் கடைக் காந்த வளையலை ஆயுசுக்கும் கட்டினாலும் ஒரு நரம்பும் துடிக்காது. ஊரில் பயப்படும் ‘கரண்ட் ஷாக்’கும் இதுவல்ல. மயக்க மருந்து கிடையாது, வலிப்பை வரவழைப்பதும் கிடையாது.

அளவை நிர்ணயிப்பது கட்டைவிரல். கையை இயக்கும் மூளைப் பகுதியில் பத்துத் துடிப்பு கொடுத்தால் ஐந்துக்காவது விரல் அசைய வேண்டும். அதற்குத் தேவைப்படும் குறைந்தபட்ச விசையே அவருடைய அளவுகோல்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாகி 2022இல் அமெரிக்க அனுமதி பெற்ற விரைவு முறையில், அந்த விசையில் 90 சதவீதம் போதும். நொடிக்கு ஐந்து கொத்து, கொத்துக்கு மூன்று துடிப்பு. இரண்டு நொடி கொடுத்து எட்டு நொடி ஓய்வு. பத்து நிமிடத்தில் 1,800 துடிப்பு. பிறகு 50 நிமிட இடைவெளி. இப்படி நாளுக்குப் பத்து முறை, ஐந்து நாளில் மொத்தம் 90,000 துடிப்பு. இடைவெளியைச் சுருக்கி வேலையை முடித்துவிடலாமே என்று தோன்றும், கூடாது. நரம்பிணைப்பு முதல் தூண்டலை உள்வாங்கிய பிறகே அடுத்ததால் மேலும் வலுப்படும். காயில் வைக்கும் இடத்தையும் உத்தேசமாக அளப்பதில்லை. மூளையின் இயக்கத்தைக் காட்டும் எம்.ஆர்.ஐ. எடுத்து, ஆளுக்கு ஆள் தனியாகக் குறிப்பார்கள்.

2021இல் வெளியான சோதனையில் உண்மைச் சிகிச்சை பெற்ற 14 பேரில் 11 பேருக்கு நான்கு வாரத்துக்குள் மனச்சோர்வு அடங்கியது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் போலிச் சிகிச்சை பெற்ற 15 பேரில் இருவருக்குத்தான். பெரிய வித்தியாசம், ஆனால் ஆட்கள் கொஞ்சம்.

காயில் சிறிது நகர்ந்தாலும் துடிப்பு வேறிடத்தில் இறங்கும். தலைவலி, தோல் சுளீரென்பது சகஜம். டக் டக் சத்தத்துக்குக் காதடைப்பான் கட்டாயம். அபூர்வமான ஆபத்து வலிப்பு. இரவெல்லாம் வலை இழுத்து, தூங்காமல் அப்படியே வந்து உட்கார்ந்தால் அது கூடும். தினமும் குடித்தவர் சிகிச்சைக்கென்று திடீரென நிறுத்தினாலும் கூடும்; இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தலைக்குள் உலோகக் கிளிப்போ காது கேட்கப் பொருத்திய காக்ளியர் கருவியோ இருப்பவருக்கு இது ஆகாது. தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசியைக் கழற்றிவிடலாம்.

பலன் சில மாதத்தில் தேய்வதுண்டு. அப்போது மறுபடி கொடுப்பார்கள். தெளிந்துவிட்டதென்று மாத்திரையைத் தாமாக நிறுத்திக்கொள்ளக் கூடாது.