பையனுக்குக் கணக்கு மூளை இல்லையாம், ரேகை சொல்கிறதாம்

இந்தக் கல்வியாண்டில் என் மேசைக்கு வந்த நான்காவது ரிப்போர்ட் இது. பளபளப்பான தாளில் நாற்பது பக்கம், ஸ்பைரல் பைண்டிங், அட்டையில் பையனின் போட்டோ. பத்து விரலையும் ஸ்கேனரில் வைத்து எடுத்து, ஏதோ ஒரு மென்பொருளில் போட்டு, 'பன்முக நுண்ணறிவு அறிக்கை' என்று கொடுத்திருக்கிறார்கள். 4,500 ரூபாய். இசை 16.2 சதவீதம், கணிதம் 8.7. "இனிமே கணக்குல ரொம்ப நெருக்காதீங்க டீச்சர், அவனுக்கு அந்த மூளை இல்லையாம்" என்றார் அம்மா. ஏழாம் வகுப்புப் பையன் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

பன்முக நுண்ணறிவு, அதாவது அறிவு ஒன்றல்ல, மொழி, கணிதம், இசை என்று பல வகை என்பது, அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் சொன்னது. 1983-ல் ஏழு வகை சொன்னார், இயற்கையை அறியும் நுண்ணறிவைப் பின்னால் சேர்த்தார். பி.எட். படித்த எல்லோரும் பரீட்சைக்கு எழுதியதுதான். அவர் சொன்னதில் விரல் எங்கேயும் இல்லை. ரேகை தாயின் வயிற்றிலேயே உருவாகி முடிந்துவிடுகிறது; அதை வைத்துக் குழந்தையின் அறிவை அளக்க அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமும் 2019-ல் சொல்லிவிட்டது. அதோடு இதை விடுகிறேன், ஏனென்றால் எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில்.

அந்த ரிப்போர்ட்டில் ஒரு வட்ட விளக்கப்படம் இருந்தது. எட்டு வண்ணத் துண்டு, கூட்டினால் 100. கணக்கு டீச்சராகக் கேட்கிறேன், எதில் 100? வட்டப் படம் போட வேண்டுமென்றால் அது ஒரே முழுமையின் பங்காக இருக்க வேண்டும். வீட்டுச் செலவுக்குப் போடலாம், ஏனென்றால் வாடகை ஏறினால் மளிகைக்குக் குறையும். பிள்ளை தவில் கற்றுக்கொண்டால் கணக்கு குறையுமா? இந்த நுண்ணறிவுகள் ஓரளவு தனித்தனியாக இயங்குபவை என்பதுதான் கார்ட்னரின் வாதமே. எட்டும் நன்றாக வளரலாம், எட்டும் சுமாராக இருக்கலாம். அதைக் கொண்டுபோய் ஒரே தோசையில் பங்கு வெட்டினால், யாருக்காவது சின்னத் துண்டு வந்துதானே ஆக வேண்டும்? எந்தப் பிள்ளையைக் கொண்டுபோனாலும் ஏதோ ஒன்று 'இல்லை' என்று வரும்படிதான் அந்தப் படம் போடப்படுகிறது.

அடுத்தது, 'இவன் இசைப் பிள்ளை, பாட்டாகச் சொன்னால்தான் ஏறும்' என்கிற பேச்சு. இதை ஆசிரியர் பயிற்சிகளிலேயே கேட்டிருக்கிறேன், அதனால் பெற்றோரை மட்டும் திட்ட எனக்கு உரிமையில்லை. நுண்ணறிவு வேறு, எந்த வழியில் சொன்னால் ஏறும் என்கிற கற்றல் பாணி வேறு என்று கார்ட்னரே 2013-ல் எழுத வேண்டியதாயிற்று. பாணிக்கு ஏற்றபடி நடத்தினால் மார்க் ஏறும் என்பதற்குத் தகுந்த சான்று இல்லை என்று 2008-ல் அமெரிக்க உளவியலாளர்கள் பழைய ஆய்வுகளையெல்லாம் அலசிச் சொன்னார்கள். வாய்ப்பாட்டை மெட்டுப் போட்டுப் பாடினால் வாய்ப்பாடு மனப்பாடமாகும், நல்லதுதான். அதனால் இசை நுண்ணறிவு வளர்ந்துவிட்டது என்று பாடத்திட்டக் குறிப்பேட்டில் எழுதாதீர்கள்.

அப்படியானால் வகுப்பில் இந்தக் கோட்பாட்டுக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. ஒரே பாடத்தைப் பல வழியில், எல்லாப் பிள்ளைகளுக்கும் நடத்துவது. முக்கோணத்தின் மூன்று கோணம் கூட்டினால் 180 பாகை. முதலில் தாளில் முக்கோணம் வெட்டி, மூன்று முனையையும் கிழித்து ஒரு கோட்டில் ஒட்டச் சொல்வேன். அப்புறம் பாகைமானி, 178, 183 என்று வரும், சண்டை நடக்கும். அதற்கப்புறம்தான் லேபில் ஜியோஜீப்ரா என்கிற வடிவியல் மென்பொருள். இலவசம்தான், நம் பாடப்புத்தகத்தின் இணையச் செயல்பாட்டுப் பக்கங்களிலேயே இருக்கிறது. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மூன்று எண்ணும் மாறும், கூட்டுத்தொகை மட்டும் அசையாது. இந்த வரிசை முக்கியம். கிழிக்காமல் நேராகத் திரைக்குப் போனால் அது வெறும் வேடிக்கை.

அந்தப் பையன் முனையை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, திரையில் இருந்த மூன்று கோணங்களையும் நோட்டில் கூட்டிக்கொண்டு வந்தான். "டீச்சர், 180.01 வருது. கம்ப்யூட்டர் தப்பு பண்ணுது." 50.01, 60.01, 69.99. மூன்றும் இரண்டு தசம இடத்துக்கு முழுதாக்கப்பட்ட எண்கள், அப்படி முழுதாக்கியதில் வந்த 0.01 அது. முப்பத்தெட்டுப் பேரில் வேறு யாரும் கூட்டிப் பார்க்கவே இல்லை. 8.7 சதவீதம்!

ஸ்கேனரோடு பள்ளிக்குள் வருகிறவர்களுக்கு ஹால் திறந்துவிடும் தலைமையாசிரியர்களே, தயவுசெய்து வேண்டாம். ரேகை என்பது பாஸ்வேர்டு மாதிரி மாற்றிக்கொள்ளக்கூடியது இல்லை, ஆதாரிலும் அதுதான் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தரவை வாங்கப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்று 2023-ல் சட்டமே வந்திருக்கிறது, டைரியில் அனுப்பும் துண்டுச்சீட்டு அதற்குப் போதாது. ஏற்கெனவே ரிப்போர்ட் வாங்கிவிட்டவர்கள் அதைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள், அவர்கள் எதிரில் படித்துக்கூடக் காட்டாதீர்கள். படிப்பில் நிஜமாகவே சந்தேகம் இருந்தால் முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள், பிறகு தகுதியுள்ள மருத்துவ உளவியலாளரிடம் போங்கள். கற்றல் குறைபாட்டுக்கு முறையான சோதனைகள் இருக்கின்றன, பிள்ளையை உட்காரவைத்து எழுதவும் படிக்கவும் சொல்லிப் பார்ப்பவை.

அம்மாவிடம் நோட்டில் இருந்த 180.01-ஐக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிய 4,500-ஐத் திருப்பிக் கேட்க முடியுமா டீச்சர் என்றார்.